பின்னால் நின்ற காய்

பதியுதீன் மாதத்துக்கு ஒரு தடவை பிரஷர் குளிசை எடுக்க ஆஸ்பத்திரிக்கு வருவார். குளிசை கைக்கு வந்த பிறகும் மருந்து ஜன்னலை விட்டு நகரமாட்டார். உள்ளே நின்று மருந்து கொடுக்கிற யோகராசாவிடம் குவைத்துக் கதை சொல்லிக்கொண்டு நிற்பார். பதினாலு வருசம் அங்கே லொறி ஓட்டியவர். திரும்பி வந்து காத்தான்குடியில் சாரமும் துணியும் விற்கிற கடை போட்டிருந்தார். ஒருநாள் கதையோடு கதையாக, தன்னோடு வேலை செய்த எகிப்துக்காரன் ஒருவன் பிரியும்போது கொடுத்த தாவ்லாப் பெட்டி வீட்டில் சும்மா கிடக்கிறது, ஆட ஆளில்லை என்றார். யோகராசா அண்ணன் முறை வைத்து ஒரு பேச்சுக்கு, "கொண்டு வாங்களன் காக்கா, பாப்பம்" என்றார். அடுத்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக ஆரையம்பதியில் யோகராசா வீட்டுப் படலையில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

அப்படித் தொடங்கியது ஐந்து வருசம் நடந்தது. வாவிக்கரையை ஒட்டிய வளவு. ஜாம் மரத்தின் கீழே ஒரு ஸ்டூலை வைத்து, பெட்டியைத் திறந்து விரித்தால் அதுவே பலகை. ஆளுக்குப் பதினைந்து காய். தாயக்கட்டை இரண்டையும் எறிந்து, விழுந்த எண்ணுக்குக் காய்களை நகர்த்தி, எல்லாவற்றையும் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். முதலில் எடுத்து முடித்தவர் வென்றார். தனியாக நிற்கிற காயை எதிராளி வெட்டினால் அது தொடக்கத்தில் இருந்து திரும்பச் சுற்றி வரவேண்டும். பதியுதீன் எண்களை அரபுநாட்டு வழக்கில்தான் சொல்வார். ஆறும் ஐந்தும் விழுந்தால் ஷேஷ்-பேஷ்.

எண் விழுவது அதிர்ஷ்டம். ஆட்டத்தின் கடைசிப் பகுதி மட்டும் அதிர்ஷ்டமில்லை என்பார் பதியுதீன். தோற்பது நிச்சயம் என்று தெரிந்த பிறகு ஒருவனுக்கு இரண்டு வழிதான். மிச்சக் காய்களை விழுந்தடித்து வீட்டுக்கு ஓட்டி, ஒரு காயையாவது வெளியே எடுத்து மானத்தைக் காப்பாற்றலாம். ஒரு காய்கூட எடுக்காமல் தோற்றால் அது மார்ஸ். இரண்டு தோல்விக்குச் சமம். மற்ற வழி, எதிராளியின் வீட்டுக்குள்ளேயே ஒரு காயைப் பின்னால் விட்டு வைத்து, அவன் காய் தனியாக நிற்கிற நேரம் பார்த்துக் காத்திருப்பது. அகப்பட்டால் ஆட்டமே தலைகீழாகும்.

"ஓடு தம்பி, ஓடு. காத்திருக்கிறவன் பத்தில ஒரு தரம்தான் வெல்லுவான்" என்று பதியுதீன் ஒவ்வொரு முறையும் சொல்வார். யோகராசா ஓடுவார். ஓடியும் தோற்பார். மனைவி கண்ணகை தேத்தண்ணி கொண்டுவந்து வைக்கும்போது புருசனின் முகத்தைப் பார்த்தே ஆட்டம் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வாள். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் ஆட்கள் சத்தம் கேட்கிற நேரம். தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு, தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று இரண்டு ஊருக்கும் இடையில் எல்லை வீதியைக் கடக்கவே ஆட்கள் யோசித்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒருநாளும் பேசியதில்லை. ஆடினார்கள்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு டிசம்பர் இருபத்தாறு ஞாயிறு, பௌர்ணமிப் போயா தினம். பதியுதீன் ஏழு மணிக்கு முன்னமே வந்துவிட்டார். ஏறாவூரில் ஒரு நிக்காஹ் இருந்தது. மனைவி ஆமினா உம்மா பலகாரம் சுடவென்று முதல்நாளே கடற்கரையோரம் இருந்த தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தார். எட்டு மணிக்கு அங்கே போய் அவரை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

"ரெண்டு ஆட்டத்துக்கு நேரமிரிக்கி" என்று பதியுதீன் பெட்டியைத் திறந்தார்.

முதல் ஆட்டம் வழக்கம்போல அவருக்கே போனது. இரண்டாவதும் அந்தப் பக்கமே சாய்ந்தது. எட்டு மணியாகும்போது பதியுதீன் எல்லாக் காய்களையும் வீட்டுக்குள் சேர்த்து, ஏழெட்டை வெளியே எடுத்தும் விட்டார். யோகராசாவின் ஒரேயொரு காய் அவர் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது. வீட்டில் கண்ணகையும் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தாள்.

"இது முடிய நான் வெளிக்கிடுறன்" என்றார் பதியுதீன்.

யோகராசா தாயக்கட்டையை எறிந்தார். ஷேஷ்-பேஷ். அந்தக் காயை வெளியே ஓட்டுவதற்கு அதைவிட நல்ல எண் இல்லை. ஓட்டியிருந்தால் நாலு எறிதலில் ஆட்டம் முடிந்திருக்கும். யோகராசா அதைத் தொடவில்லை. வேறு இரண்டு காய்களை நகர்த்தினார்.

பதியுதீன் தலையை நிமிர்த்திப் பார்த்தார். "ஓடல்லையா?"

"இல்ல காக்கா. நிக்கட்டும்."

ஐந்து வருசத்தில் முதல் தடவையாக யோகராசா காத்திருக்கத் துணிந்தார். அப்போதுதான் வீட்டுக்குள் ஃபோன் அடித்தது.

அவர் எழும்பிப் போய் எடுத்தார். ஆமினா உம்மா. பின்னால் பெண்கள் பேசுகிற சத்தமும் வான் வண்டியின் ஹோர்ன் சத்தமும் கேட்டது.

"தம்பி, அவர் வெளிக்கிட்டாரா? தங்கச்சியாக்கள் வானில வெளிக்கிடுறாங்க. ஒரு சீற்று இரிக்கி, நான் அவங்களோட போகட்டா எண்டு கேக்கத்தான் எடுத்தன்."

ஜன்னல் வழியாக ஜாம் மரத்தடி தெரிந்தது. பதியுதீன் பலகையைப் பார்த்தபடி தாடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இப்பதான் வெளிக்கிட்டார் உம்மா. அஞ்சு நிமிசத்தில வந்திருவார். நில்லுங்க" என்றார் யோகராசா.

"சரி தம்பி. அப்ப நிக்கிறன்."

திரும்பி வந்து உட்கார்ந்தபோது பதியுதீன், "ஆரு?" என்றார்.

"ஆஸ்பத்திரியில இருந்து."

பதியுதீன் பார்வையைப் பலகைக்குத் திருப்பினார். அவர் கையில் நல்ல எண் விழுந்திருந்தது. இரண்டு காய்களை வெளியே எடுத்திருக்கலாம். எடுக்காமல், தன் காயைப் பிரித்து வைத்து யோகராசாவின் தனிக் காயை வெட்டினார். ஒரு வெற்றி போதாது, மார்ஸ் வேண்டும் என்ற ஆசை. அதற்கு அடுத்தடுத்த எறிதல்களில் அவர் காய் ஒன்று தனித்து நிற்க, வெட்டுப்பட்டுத் திரும்பி வந்த யோகராசாவின் காய் அதைப் பிடித்தது. பதியுதீனுடைய காய் வெளியே கிடந்தது. உள்ளே நுழைய வழியில்லாமல் யோகராசா ஆறு இடத்தையும் அடைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் பதியுதீன் எறிந்து பார்த்து, இடமில்லாமல் தாயக்கட்டையை அவர் பக்கம் தள்ளினார். நேரம் போனது இருவருக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் இருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

யோகராசா கடைசிக் காயை எடுத்தபோது எட்டே முக்கால் இருக்கும். சிரித்துக்கொண்டு நிமிர்ந்தார். றோட்டில் ஆட்கள் ஓடினார்கள். கடற்கரைப் பக்கமிருந்து வாவியை நோக்கி, நனைந்த உடுப்போடு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. யாரோ கடல் வருகிறது என்றார்கள். கடல் எப்படி வரும் என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பதியுதீன் மோட்டார் சைக்கிளை நோக்கி ஓடினார்.

ஆமினா உம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். தங்கச்சி வீட்டு மதிலில் இருந்து அரை மைல் உள்ளே, வேலியோடு சிக்கியிருந்தார். வானில் போன எல்லோரும் ஏறாவூரில் பத்திரமாக இருந்தார்கள்.

அந்த மூன்று நாளும் யோகராசா ஆஸ்பத்திரியை விட்டு வரவில்லை. பஞ்சும் மருந்தும் எடுத்துக் கொடுத்து, ஆளில்லாத நேரம் பிரேதங்களைத் தூக்கவும் கை கொடுத்தார். உடம்பு ஓயவில்லை, மனது மட்டும் ஒரே இடத்தில் நின்றது. பதியுதீனை வைத்திருப்பதற்காகத்தான் பொய் சொன்னேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அப்படியும் இல்லை. வானில போங்க உம்மா என்று சொல்லியிருந்தாலும் பதியுதீன் அங்கேயேதான் இருந்து ஆடியிருப்பார். மத்தியானம்வரைகூட ஆடியிருக்கலாம். அந்தப் பொய்யால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை. காத்திருக்கிற பெண்ணுக்கு ஆண்கள் வழக்கமாகச் சொல்கிற சமாதானம், வாயில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. தன் காய் என்னாகும் என்ற அவசரத்தில் அவர் அந்தப் பெண் கேட்ட கேள்வியைச் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

மவுத்து வீட்டுக்குப் போனார். பள்ளிவாசல் பக்கம் போட்டிருந்த கொட்டிலில் ஆண்களோடு உட்கார்ந்தார். பதியுதீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். சொல்வதற்கு அதுதான் நேரம் இல்லை என்று யோகராசா நினைத்தார். நாற்பதாம் நாள் கழியட்டும் என்று நினைத்தார். நாற்பது கழிந்ததும், வீட்டையும் கடல் கொண்டுபோய் மனிதன் கூடாரத்தில் கிடக்கிறான், வீடு கிடைக்கட்டும் என்று நினைத்தார். வீடும் கிடைத்தது. அதற்குள் யோகராசா, கேட்டே வாங்கி, வாவிக்கு அக்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வைத்தியசாலைக்கு மாற்றலாகிவிட்டார். விடியப் போய், பாதை என்கிற மிதவைப் படகில் வாவியைக் கடந்தால் இருட்டித்தான் திரும்புவார். சண்டை நடக்கிற பக்கம் யாராவது மாற்றல் கேட்பார்களா என்று கண்ணகை திட்டினாள். பதியுதீன் இரண்டு தடவை ஞாயிற்றுக்கிழமை வந்து, ஆளில்லாமல் திரும்பியதாகவும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையும் யோகராசா டியூட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் வன்னியில் சண்டை முடிந்தது. சந்தியில் வெற்றியென்று ஆமிக்காரர் வெடி கொளுத்திப் பாற்சோறு பங்கிட்டார்கள். யோகராசா, வாங்காமல் போனால் பார்ப்பார்கள் என்று வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவராமல் வழியில் நாய்க்கு வைத்தார். கண்ணகையின் தம்பி உதயரூபன் கிளிநொச்சியில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவன். மார்ச் மாதம் ஒரு ஃபோன் வந்தது, அதோடு சரி. கண்ணகை கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள்.

நாலாம் நாள் படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. பதியுதீன். தாடி முழுக்க வெளுத்திருந்தது. இரண்டு றாத்தல் பாணும் ஒரு சீப்பு வாழைப்பழமும் கையில். ஓடி ஒளிய இடமில்லாமல் யோகராசா எழும்பி நின்றார்.

"கண்ணகைத் தங்கச்சிட தம்பியப் பத்தி ஏதும் தெரிய வந்ததா?"

"இல்ல காக்கா. இன்னும் ஒண்டும் இல்ல."

இருவரும் விறாந்தையில் உட்கார்ந்தார்கள். கொஞ்சநேரம் அக்கரையில் வெட்டிய வேளாண்மையைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பதியுதீன் வாவியைப் பார்த்தபடி சொன்னார்:

"ஒரு விசயம் என்ட நெஞ்சில கிடக்கு தம்பி. அண்டைக்கு நான் எட்டு மணிக்கே ஆட்டத்த முடிச்சிருக்கலாம். ரெண்டு காய எடுத்திட்டு எழும்பியிருக்கலாம். மார்ஸ் எடுக்கணும் எண்டு உன்ட காய வெட்டினன். பேராசை. அதுமட்டும் இல்ல. ஃபோன் அடிச்சதே, அது ஆமினாதான் எண்டு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை உன்ன ஆரு ஆஸ்பத்திரியில இருந்து கூப்பிடப்போறாங்க? தெரிஞ்சும் கேக்கல்ல. கேட்டா எழும்பணுமே எண்டு கேக்கல்ல."

சொல்லிவிட்டு அவர் திரும்பி யோகராசாவின் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

யோகராசாவுக்கு உள்ளே ஏதோ ஒன்று இளகி இறங்குவது போல இருந்தது. பழியில் பாதியை இன்னொருவர் வந்து வலியக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். அந்த ஆறுதலை அவர் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்து வெட்கப்பட்டார். உள் அறையில் கண்ணகை எழும்புகிற சத்தம் கேட்டது. இப்போது அவள் வந்துவிடுவாள், அவள் இருக்கிற நிலையில் இதையும் கேட்க வேண்டுமா என்று ஒரு சாட்டும் கிடைத்தது.

"அத விடுங்க காக்கா," என்றார். "நடந்தது நடந்திட்டு. நீங்க என்ன செய்வீங்க. மனசப் போட்டு உழப்பாதீங்க."

பதியுதீன் இன்னும் கொஞ்சநேரம் அவரைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார். கண்ணகை கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்து, அவளுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

நோன்புப் பெருநாள் முடிந்து அவர் கடையை விற்று, மாவனல்லையில் கல்யாணம் முடித்திருந்த மகன் அஸ்பாக்கோடு போய்விட்டார் என்ற செய்தி ஒரு மாதம் கழித்துத்தான் யோகராசாவுக்குக் கிடைத்தது. பாதைப் படகில் கூட வந்த ஆதம்பாவா என்ற மீன் வியாபாரி சொன்னார். "உங்களுக்குச் சொல்லல்லையா?" என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

அடுத்த வருசம் ஆனி மாதம் ஒரு முற்பகலில் களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு பொடியன் கண்ணகையைத் தேடி வந்தான். பெயர் நிதுர்ஷன். முகாமில் இருந்து விடுபட்டு இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. உதயரூபனிடம் படித்தவன். கடைசி நாட்களில் ஒரே பதுங்குகுழியில் இருந்தவன். சேருக்கு வயிற்றில் காயம், தூக்கச் சொல்லிக் கேட்டார், ஷெல் விழ விழ என்னால் ஏலவில்லை, விட்டுவிட்டு ஓடிவிட்டேன் அக்கா, திரும்பிப் பார்த்தபோது அந்த இடமே இல்லை என்று சொன்னான். நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கண்ணகை சுவரில் சாய்ந்து அழுதாள். இரண்டு மணித்தியாலம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

"வந்து சொன்னியே மகன்," என்றாள். "சொல்லாமலும் இருந்திருக்கலாம். நான் சாகுமட்டும் படலையப் பாத்திட்டே இருந்திருப்பன்."

யோகராசா விறாந்தையில் இருந்து இதைப் பார்த்தார். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை இரண்டு கிழமையில் செய்ததை ஐம்பத்தேழு வயதில் தன்னால் ஐந்தரை வருசமாகச் செய்ய முடியவில்லை. மறுநாள் லீவு போட்டு மாவனல்லைக்கு பஸ் ஏறினார்.

அஸ்பாக்கின் இரும்புக்கடை பிரதான வீதியிலேயே இருந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் பதியுதீன் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யோகராசாவைக் கண்டதும் எழும்பி வந்து தோளைப் பிடித்தார். சந்தோசம்தான், முகத்தில் தெரிந்தது. பின்னால் வீட்டுக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தார். யோகராசா தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்.

"காக்கா, அண்டைக்கு ஃபோன் எடுத்தது உம்மாதான். வானில போகட்டா எண்டு கேட்டா. நான்தான் நீங்க வெளிக்கிட்டீங்க, நில்லுங்க எண்டு சொன்னன்."

பதியுதீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தெரியும்" என்றார்.

யோகராசாவுக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகமாக இருந்தது.

"அடக்கின அண்டே தெரியும். மச்சினி சொன்னா. வானுக்குள்ள இருந்து ஆமினாவ வா எண்டு கூப்பிட்டாவாம். அவர் வெளிக்கிட்டாராம், யோகராசாத் தம்பி சொன்னார், நீங்க போங்க எண்டு ஆமினா சொல்லி அனுப்பியிருக்கா."

"அப்ப ஏன் காக்கா நீங்க..."

"கோவம் இருந்தது. பொய் சொல்லமாட்டன். கொஞ்சக் காலம் உன்ட பேரக் கேக்கவே ஏலாம இருந்தது. பொறகு யோசிச்சன். நான் எழும்பாம இருந்தது பெரிசா, நீ ஒரு சொல்லு சொன்னது பெரிசா? அளக்க ஏலாது தம்பி. ரெண்டு பேரும் சேந்து செஞ்சது." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "ரெண்டு ஞாயிறு வந்தன். நீ இல்ல. சண்டை முடிஞ்ச கிழமை வந்தன். தங்கச்சியப் பாக்கத்தான் வந்தன், ஆனா அதுக்கு மட்டும் இல்ல. என்ட பங்க நான் முதல்ல சொன்னா நீ உன்ட பங்கச் சொல்லுவாய் எண்டு நினைச்சன். உனக்கு லேசாயிரிக்கும் எண்டுதான் ஃபோன் கதையையும் எடுத்தன்."

யோகராசா தலை குனிந்திருந்தார்.

"நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்," என்றார் பதியுதீன். குரலில் கோபமே இல்லை. "நீங்க என்ன செய்வீங்க காக்கா எண்டு சொன்னாய். வீட்ட போய் அண்டைக்குத்தான் நான் அழுதன். ஆமினாவுக்காக இல்ல. ஊரில எனக்கு அதுக்குப் பொறகு ஆரு இரிக்கா எண்டு யோசிச்சன். மகன் கனகாலமாக் கூப்பிட்டிட்டே இருந்தான். நீ அண்டைக்குச் சொல்லியிருந்தா நான் வந்திருக்கமாட்டன்."

"இப்ப வந்திருங்களன் காக்கா. ஊருக்கு."

"கடைய வித்தாச்சி. பேரப்புள்ளயள் இஞ்ச. வயசும் போயிட்டு." அவர் யோகராசாவின் முழங்காலில் கையை வைத்து எடுத்தார். "நீ வந்து சொன்னது நல்லம். அல்லாஹ் உன்ன மன்னிப்பான். நானும் மன்னிச்சிட்டன், அது எப்பவோ. ஆனா பழைய மாதிரி இரிக்கணும் எண்டா அதுக்கு ஒரு நேரம் இருந்தது."

மருமகள் சாப்பாடு வைத்தாள். கோழிக்கறியும் பருப்பும். வைத்ததை யோகராசா மிச்சம் விடாமல் சாப்பிட்டார். பதியுதீன் குளிசையைப் பற்றிக் கேட்டார். இங்கே கொடுக்கிற குளிசை நிறம் வேறு, அதுவும் இதுவும் ஒன்றா என்று அட்டையைக் காட்டினார். யோகராசா வாங்கிப் பார்த்து, மருந்து ஒன்றுதான், கம்பெனிதான் வேறு, விடாமல் போடுங்கள் என்றார். அந்தச் சிறுபேச்சில் மட்டும் இரண்டு பேரும் பழைய ஆட்கள் போல இருந்தார்கள்.

பின்னேரத்து அஸர் பாங்கு சொல்ல முன்னம் பதியுதீன் பஸ் நிலையம்வரை கூடவே நடந்து வந்தார். மழை தூறியது. குடையை யோகராசாவின் தலைக்கு மேல் பிடித்ததில் தன் வலது தோள் நனைவதை அவர் கவனிக்கவில்லை. கண்டிக்குப் போகிற பஸ் வந்தது. யோகராசா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தார். எத்தனையோ ஞாயிறு படலையடியில் அவர்தான் போயிட்டு வாங்க காக்கா என்று சொல்லியிருக்கிறார். பதியுதீன் ஓமென்று கை காட்டிவிட்டுப் போவார். இன்றைக்கு அதைச் சொல்ல வேண்டியவர் கீழே நின்றார்.

"கவனமாப் போ தம்பி" என்றார் பதியுதீன்.

அவ்வளவுதான் சொன்னார். பஸ் வெளிக்கிட்டு, வளைவில் திரும்பும்வரை நின்றார். யோகராசா அதன் பிறகும் நெடுநேரம் பின்னால் திரும்பியே பார்த்துக்கொண்டு போனார். றோட்டோரத் தேயிலைக் கொட்டில்களும் மழையும் மட்டும் தெரிந்தன.